ஜல்லிமேட்டில் பட்டுப்புடவை

"யாரும்மா செத்துட்டாங்க?"

என் மனைவி காமிராவுடன் அந்தக் கல்குவாரிக்குள் முதன்முதலாக இறங்கியபோது அவளை எதிர்கொண்ட சொற்கள் இவை. எழுபதுகளின் பிற்பகுதி. ஒரகடத்திலிருந்து சற்றுத் தள்ளி, பாதி வெட்டியெடுக்கப்பட்ட ஒரு பாறையின் அடியில், ஜல்லிக் குவியல்களுக்கு நடுவே பெண்கள் குந்தியிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி சுத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள். அவள் கேட்டதில் கேலி இல்லை. அந்த வட்டாரத்தில் காமிரா என்பது சாவு வீட்டுக்கு வருகிற பொருள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஸ்டுடியோக்காரர் சைக்கிளில் வருவார். இறந்தவரைக் குளிப்பாட்டி, இருப்பதில் நல்ல துணியை உடுத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, தலை சாய்ந்துவிடாதபடி பின்புறமாகத் துணியால் கட்டி, இரு பக்கமும் உறவினர் நிற்க ஒரு படம் எடுப்பார். பலருக்கு இருந்த ஒரே படம் அதுதான்.

"யாரும் சாகலைம்மா. நீங்க வேலை செய்யறதைப் படம் எடுக்கலாம்னு வந்தேன்," என்றாள் என் மனைவி.

"கல்லு உடைக்கறதையா? இதுல இன்னா கீது பாக்கறதுக்கு?" அந்தப் பெண் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு, டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டி நின்றிருந்த என்னைச் சுட்டினாள். "பொட்டி தூக்கிக்கினு நிக்கிறாரே, அவரு யாரு?"

"வீட்டுக்காரர்."

"ஐய! வூட்டுக்காரரையே கூலிக்கு இட்டாந்துகீறியா? எங்கூட்டு ஆளுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடும்மா."

அவளுக்கு அருகில் இருந்த முதியவள் அவள் மாமியார். "வாயை மூடிக்கினு அடிடீ. மேஸ்திரி பாக்கறான்," என்றாள். மருமகள் அடித்தாள், அடித்தபடியே சிரித்தாள். அவள் இருபத்தைந்தைத் தாண்டியிருக்க மாட்டாள். இனி நான் சொல்லப்போவது அவளையும் என் மனைவியையும் பற்றி. இருவரும் இன்று இல்லை.

என் மனைவி செங்கல்பட்டில் ஒரு ரயில்வே எழுத்தரின் மகளாகப் பிறந்தவள். ஐம்பதுகளில் பெண்கள் கல்லூரிக்குப் போவதையே பேச்சாகப் பேசிய தெருவிலிருந்து புறப்பட்டு, பட்டம் பெற்று, திரைப்படத் தொகுப்பைப் பயின்றாள். பிறகு சென்னையில், செய்திப் படங்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் உதவித் தொகுப்பாளராகச் சேர்ந்தாள். அங்கே அவள் ஒருத்திதான் பெண். அவளை எங்கே உட்காரவைப்பது என்பதை முடிவு செய்யவே அவர்களுக்குச் சில வாரங்கள் பிடித்தனவாம். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கரியமும் அரசு உத்தியோகமுமாக வாழ்ந்த என் குடும்பத்தார், சினிமாவில் வேலை பார்க்கும் பெண் என்று கேட்டதும் திகைத்தனர். "நடிக்கிறாளா?" என்றார் என் தமையனார். வெட்டி ஒட்டுகிறாள் என்றேன். "தையல் மாதிரியா?" என்றார். ஏறக்குறைய அப்படித்தான் என்று சொல்லிவைத்தேன்.

அந்த வேலையை அவள் விட்டதற்குக் காரணம் ஒரு புடவை. வறட்சி நிவாரணம் பற்றிய செய்திப் படம் ஒன்று அவள் மேஜைக்கு வந்தது. கந்தலுடுத்திய ஒரு மூதாட்டிக்கு அதிகாரி ஒருவர் புதுப்புடவை தருகிறார், அவள் கும்பிடுகிறாள். அத்துடன் காட்சி முடிந்திருக்க வேண்டும். ஒளிப்பதிவாளர் காமிராவை நிறுத்த மறந்துவிட்டார். அடுத்த சில நொடிகளில், அதிகாரியின் ஆள் ஒருவர் வந்து கிழவியின் கையிலிருந்து புடவையைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டு போனது சுருளில் பதிந்திருந்தது. கிழவியும் மறுப்பின்றிக் கொடுத்தாள். அந்தத் துண்டை வெட்டி எறிவதுதான் என் மனைவிக்கு இடப்பட்ட பணி. வெட்டினாள். அந்த வாரத்திலேயே வேலையை விட்டாள்.

அதன் பிறகு தனக்கென ஒரு விதியை வகுத்துக்கொண்டாள். தன் காமிராவுக்கு முன் நிற்பவரிடம் எதையும் மாற்றச் சொல்வதில்லை. அவர் வேண்டாமென்றால் எடுப்பதில்லை. கேட்பதற்கு எளிய விதி. அதற்காக அவள் எவ்வளவு இழந்தாள் என்பதை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

சொந்த நாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பாதிரியாரின் பழைய பதினாறு எம்.எம். காமிரா அவள் கைக்கு வந்தது. கடிகாரத்துக்குப் போல அதற்குச் சாவி முறுக்க வேண்டும். ஒரு முறுக்குக்கு அரை நிமிடம்கூட ஓடாது. நின்றதும் மறுபடி முறுக்க வேண்டும். அதனால் அவள் படங்களில் நீண்ட காட்சி என்று ஒன்று கிடையாது; ஒருவர் பேசி முடிக்கும் முன்பே படம் வேறொன்றுக்குப் போய்விடும். ஒலியை நான் தனியே பதிவு செய்வேன். கல்லூரி விடுமுறை நாள்களில் நாங்கள் பேருந்தில் போய் எடுத்தோம். மணிமங்கலம் ஏரியில் மதகு திறக்கும் நாளை எடுத்தாள். சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் கூடையுடன் வண்டிக்குக் காத்திருக்கும் காய்கறிக்காரிகளை எடுத்தாள். கல்லூரி அரங்குகளிலும் பள்ளிக்கூடச் சுவர்களிலும் திரையிட்டோம். ஒரு திரைப்படச் சங்கத்தில் படம் முடிந்ததும் ஒருவர் அவளிடம் வந்து, "உங்க ஹஸ்பண்ட் ரொம்ப நல்லா எடுத்திருக்கார் மேடம்," என்றார். "சொல்லிடறேன்," என்றாள் அவள். வீட்டுக்கு வந்து சொல்லவும் செய்தாள்.

குவாரிக்கு அவளை இழுத்தது ஒலி. சேரப்பணஞ்சேரிப் பக்கம் போய்த் திரும்பிய ஒரு நாள், பேருந்து பழுதாகி நின்ற இடத்தில், நூற்றுக்கணக்கான சுத்திகள் கல்லில் விழும் சத்தம் வயலைத் தாண்டிக் கேட்டது. சென்னையில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களுக்கெல்லாம் ஜல்லி அந்தப் பக்கத்திலிருந்துதான் லாரியில் போயிற்று.

முதல் நாள் அவர்கள் வேண்டாமென்று சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு என் மனைவி ஒரு சுருளில் பாதிவரை எடுத்தாள். அந்த மருமகளைத்தான் அதிகம் எடுத்தாள். தோளில் கிழிந்து முடிச்சிட்ட புடவை, புழுதியில் வெளுத்த தலை, விரல்களில் சுற்றிய பழைய டயர்த் துண்டு, எதிரே அள்ளக் காத்திருக்கும் கூடை, பின்னால் மேஸ்திரி. எல்லாம் காமிராவின் சட்டகத்துக்குள் இருந்தன. உணவு வேளையில் அந்தப் பெண் எழுந்து வந்து, "ஓடுச்சே அந்தப் பொட்டி, தையல் மிஷினாட்டம். எங்கள எடுத்துட்டியா?" என்று கேட்டாள்.

"எடுத்தேன்."

சிரிப்பு நின்றது. "இந்தக் கிழிசலோடயா? ஏம்மா, உனக்குக் கண்ணு இல்ல? நாளைக்கு நாலு பேரு பாத்தா எம் புருசனை இன்னான்னு நெனைப்பாங்க? பொண்டாட்டிக்குத் துணி வாங்கிக் குடுக்க வக்கில்லாதவன்னு பேச மாட்டாங்க?"

மாமியாரும் எழுந்து வந்தாள். "எரிச்சுடும்மா அதை. நாளைக்கு வா. நல்லதா கட்டிக்கினு வரோம்."

நான் என் மனைவியின் காதருகே, அதை வைத்துக்கொள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவள் காமிராவின் மூடியைத் திறந்து, சுருளை வெளியே எடுத்து, அந்தப் பெண்கள் பார்த்திருக்க வெயிலில் நீளமாக உருவிப் போட்டாள். வெளிச்சம் பட்ட பிலிமில் இனி ஒன்றும் இருக்காது என்று விளக்கினாள். மருமகள் அந்த நாடாவை எடுத்துச் சூரியனுக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஒண்ணியும் காணோம்," என்றாள் திருப்தியாக.

மறுநாள் அவர்கள் பட்டுடுத்தி வந்தார்கள். எல்லோரும் அல்ல; பட்டு இல்லாதவர்கள் பெட்டியிலிருந்த நல்ல வாயில் ரகப் புடவையை உடுத்தியிருந்தார்கள். தலையில் கனகாம்பரம். மருமகள் உடுத்தியிருந்தது தன் கூறைப்புடவை. அரக்குச் சிவப்பு; சரிகை இன்னும் மங்கியிருக்கவில்லை. அதன் மேல் ஜல்லிப் புழுதி விழாமல் மடியில் ஒரு கோணிப்பையை விரித்துக்கொண்டு அவள் கல்லை உடைத்தாள். சுத்தி உயர்ந்தபோதெல்லாம் கண்ணாடி வளையல்கள் முழங்கைவரை வழுக்கின.

"வேலைத் துணியோட வரச் சொல்லேன். இது பொய்யாத் தெரியுமே," என்றேன் அன்று மாலை.

"அவங்க எப்படித் தெரியணும்னு அவங்கதான் முடிவு பண்ணியிருக்காங்க. அதுல எது பொய்?" என்றாள்.

அதன் பிறகு நாங்கள் போன நாள்களிலெல்லாம் அவ்வாறே நடந்தது. காமிரா பையிலிருந்து வெளியே வந்தால் பெண்கள் பாறை மறைவுக்குப் போய் உடை மாற்றி வருவார்கள். பை மூடப்பட்டதும் பழைய கந்தல். மேஸ்திரிகூட அதற்குப் பழகிவிட்டான். "சீக்கிரம் எடும்மா. பட்டு கட்டுனா இவளுங்க கை சுறுசுறுப்பா ஓட மாட்டேங்குது," என்பான்.

படத்தை அவள் தொகுத்துக்கொண்டிருந்த மாதங்களில் அது நிகழ்ந்தது. பாறையைப் பிளக்க வைத்த வெடிமருந்துத் தோட்டாக்களில் ஒன்று வெடிக்காமல் ஒரு கல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்தக் கல் மருமகளின் குவியலுக்கு வந்தது. அவள் அதன் மேல் சுத்தியை இறக்கினாள்.

செய்தி கிடைத்து நாங்கள் போனபோது ஸ்டுடியோக்காரரின் சைக்கிள் வாசலில் நின்றது. அவர் உள்ளே போனார். உடனே வெளியே வந்தார். "முகம் இல்லைங்க சார்," என்றார் என்னிடம், மெல்ல. காமிராப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார். அவளை உட்காரவைக்கவும் இயலவில்லை. கூறைப்புடவையை மேலே போர்த்தி எடுத்துப் போனார்கள்.

கணவன் நஷ்டஈடு கேட்டு மனுக் கொடுத்தான். குவாரியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர், அப்படியொரு பெண் தம்மிடம் வேலை பார்த்ததே இல்லை என்றார். சுள்ளி பொறுக்க வந்தவள், தடுத்தும் கேளாமல் வெடிமேட்டுக்குப் போய்விட்டாள் என்றார். வருகைப் பதிவில் ஆண்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. மனைவி உடைக்கும் கல் கணவன் கணக்கில் சேர்ந்துவிடும். உடன் வேலை பார்த்தவர்கள் மறுநாளும் அதே குவாரியில் பிழைக்க வேண்டியவர்கள். அவர்கள் வாய் திறக்கவில்லை. கணவனும் மாமியாரும் சொன்னது செல்லாது, அவர்கள் நஷ்டஈடு கேட்பவர்கள். அந்தப் பெண் அங்கே வேலை செய்தாள் என்பதை நிறுவ, உலகத்தில் எஞ்சியிருந்தது என் மனைவியின் படம் ஒன்றுதான். கணவன் வந்து கேட்டான். அவள் உடனே சம்மதித்தாள்.

செங்கல்பட்டில் அந்த மனுவை விசாரித்த அதிகாரி நல்லவர். தம் அறையிலேயே திரையிட அனுமதித்தார். ஜன்னல்களுக்குப் பழைய போர்வைகளைக் கட்டினோம். சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒளியை விழவைத்தேன். புரொஜெக்டரை இயக்கியதும் நானே. அரக்குச் சிவப்புப் புடவையில், தலையில் பூவுடன், அவள் சுவரில் தோன்றிக் கல்லுடைத்தாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். மாமியார் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

விளக்கைப் போட்டதும் குத்தகைக்காரரின் வக்கீல் எழுந்தார்.

"ஐயா, நானும் ஜல்லி உடைக்கிற இடம் பார்த்திருக்கேன். கூறைப்புடவை கட்டி, கனகாம்பரம் வச்சு, வளையல் குலுங்கக் குலுங்கக் கல்லு உடைக்கிறவளை இன்னைக்குத்தான் பார்க்கறேன். அடுத்தாப்ல டூயட் வருமான்னு காத்திருந்தேன்."

அறையில் சிரிப்பு எழுந்தது. தட்டச்சரும் சிரித்தார். அதிகாரி மட்டும் சிரிக்காமல் என் மனைவியைக் கேட்டார்.

"நீங்க கட்டிக்கச் சொன்னீங்களா?"

"இல்லை. அவங்களாக் கட்டிக்கிட்டு வந்தாங்க."

"தினமும் அப்படித்தான் வருவாங்களா?"

"இல்லை. காமிராவுக்காக."

"அப்ப, காமிரா இல்லாத நாள்ல அந்தப் பொண்ணு அங்க வேலை செஞ்சதை நீங்க எடுக்கலை?"

"எடுத்த அன்னைக்கும் வேலைதான் செஞ்சாங்க."

"அது நீங்க சொல்றது, அம்மா. படம் சொல்லலையே." அவர் அதை வருத்தத்துடனேயே சொன்னார். "வேலைத் துணியோட ஒரு துண்டு படம்கூட இல்லையா?"

அவள் முதல் நாள் சுருளைப் பற்றிச் சொன்னாள். எடுத்தேன், வேண்டாமென்றார்கள், அழித்தேன். ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். வக்கீல் இரு கைகளையும் விரித்தார். "இருந்த ஒரே சாட்சியைத் தானே வெயில்ல போட்டுட்டேன்கிறாங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

மனு தள்ளுபடியானது. வேலையளித்தவர், வேலை செய்தவர் என்ற உறவு நிரூபிக்கப்படவில்லை.

செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் நாங்கள் நால்வரும் நின்றிருந்தோம். கணவன் தனியே தள்ளி நின்றான். மாமியார் என் மனைவியின் கையைப் பிடித்தாள். "எரிச்சுடுன்னு நாங்கதானேம்மா சொன்னோம். நீ இன்னா பண்ணுவே," என்றாள். பேருந்து வந்துவிட்டது.

சில வாரங்கள் கழித்து அந்தக் கணவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் படியிலேயே நின்றான். "சாவுல படம் புடிக்க முடியல. உங்க சினிமாவுல கீறா இல்ல... அத்தெ ஒண்ணு பெருசாக்கித் தருவீங்களா, மாட்டி வைக்க?" என்றான். அவள் சுருளைத் தேடி, சுத்தி உயர்ந்து முகம் முழுதாகத் தெரியும் ஒரு படச்சட்டகத்தைத் தேர்ந்து, பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தாள்.

அடுத்த முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது சுவரில் அது மாட்டப்பட்டிருந்தது. ஆனால் நாங்கள் கொடுத்த படம் அதுவன்று. ஸ்ரீபெரும்புதூர் ஸ்டுடியோவில் கொடுத்து, அதன் மேலேயே வண்ணம் தீட்டி மாற்றி வாங்கியிருந்தார்கள். கூடையும் ஜல்லிக் குவியலும் பாறையும் இருந்த இடத்தில் நீலத் திரைச்சீலை. பக்கத்தில் மாடிப்படியின் கைப்பிடி. மடியிலிருந்த கோணிப்பையை அழித்துப் புடவை மடிப்புகள் வரைந்திருந்தார்கள். உயர்ந்த கையிலிருந்த சுத்தியை நீக்கி, ஒரு ரோஜாப்பூவை வைத்திருந்தார்கள். விரல்களை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள். ஒரு பூவை யாரும் அவ்வளவு இறுக்கிப் பிடிக்க மாட்டார்கள்.

"நல்லா கீறா இல்ல?" என்றாள் மாமியார்.

"நல்லா இருக்காங்க," என்றாள் என் மனைவி.

திரும்பும் வழியில், ஒரகடத்தில் பேருந்துக்கு நின்றபோது, "அந்த விசாரணை ஆபீஸ்ல நான் பொய் சொல்லியிருக்கலாம். தினமும் அப்படித்தான் வருவாங்கன்னு," என்றாள். நான், நம்பியிருக்க மாட்டார்கள் என்றேன். "நம்பியிருக்க மாட்டாங்கதான். ஆனா சொல்லியிருக்கலாம்," என்றாள்.

படத்தை அவள் முடித்தாள். சில ஊர்களில் திரையிட்டோம். பம்பாயில் ஒரு விமர்சகர், உழைப்பாளிப் பெண்களுக்குப் பட்டுடுத்தியது துணிச்சலான கற்பனை என்று எழுந்து பாராட்டினார். அவள் நன்றி சொல்லாமல் மேடையிலிருந்து இறங்கிவிட்டாள். அதன் பிறகு அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை. மனிதர்களை எடுப்பதும் ஏறக்குறைய நின்றது. வற்றிய ஏரி, ஆளில்லாத சாலை, விளைநிலத்தில் எழும்பத் தொடங்கியிருந்த மதிற்சுவர்கள் ஆகியவற்றை எடுத்தாள். பிழைப்புக்குப் பிறருடைய படங்களைத் தொகுத்தாள். எண்பதுகளின் நடுவில் காமிராவின் சுருள்வில் உடைந்தது, பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை, அவளும் தேடவில்லை. பிறகு நோய் வந்தது. அதைப் பற்றி எழுதும் பயிற்சி எனக்கு இல்லை.

அவள் இறந்த நாளில் மழை. உறவினர் சிலரே வந்தனர். பிற்பகலில் அந்த மாமியார் வந்தாள். யார் சொல்லி அறிந்தாளோ தெரியாது. நனைந்த தலையுடன் உள்ளே வந்து, என் மனைவியின் காலடியில் சற்று நேரம் நின்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா இது, நூல் பொடவையோட படுக்க வச்சிகீறே? பட்டு இல்லியா வூட்ல? படம் புடிக்க ஆளு சொல்லிட்டியா?"

படம் வேண்டாம் என்றேன். கேட்காமல் யாரையும் படம் எடுப்பது அவளுக்குப் பிடிக்காது. இப்போது அவளைக் கேட்க முடியாது என்றேன். முந்தின நாளிலிருந்தே நான் ஒத்திகை பார்த்துவைத்திருந்த வாக்கியம் அது.

கிழவி அசையவில்லை. "படம் இல்லேன்னா? நாளைக்கு எவனாவது வந்து இப்படி ஒருத்தி இருந்தாளா, இன்னா பண்ணிக்கினு இருந்தான்னு கேட்டா? நீயும் இல்லேன்னு சொல்லுவியா?"

நான் உள்ளே போய் அவளுடைய கல்யாணப் புடவையைத் தேடி எடுத்தேன். அந்தக் கிழவிதான் அதை உடுத்திவிட்டாள். நாற்காலியில் உட்காரவைத்து, தலையை நிமிர்த்திப் பின்னால் கட்டியவளும் அவளே. கிழவியின் கைகள் கல்லைப் போலக் காய்த்திருந்தன. ஆனால் முடிச்சைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். தெருமுனை ஸ்டுடியோவிலிருந்து ஆள் வந்து ஒரு படம் எடுத்தார். அருகில் நான் நின்றேன்.

ஒரு வாரம் கழித்து அவர் மாதிரிப் பிரதியுடன் வந்தார். என் மனைவிக்குப் பின்னால் அவள் வேலை அறையின் கதவு திறந்திருந்ததை நான் கவனித்திருக்கவில்லை. அலமாரியில் அடுக்கியிருந்த பிலிம் டப்பாக்கள், துருப்பிடித்தவை உட்பட, படத்தில் தெளிவாக விழுந்திருந்தன.

"பின்னால தகர டப்பாவெல்லாம் தெரியுது சார். பார்க்க நல்லாயில்லை. எடுத்துட்டு ஸ்கிரீன் போட்டுடவா? நீலத்துல அழகா இருக்கும்," என்றார்.

வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.